கலக்கக் கூடாது என்றேன்

தோட்டக்கலையில் டிப்ளமோ வாங்கியவன் நான். நடவு வேலையை மேற்பார்ப்பதற்கென்றே சம்பளமும் வாங்கியவன். நடவுக்கு வரும் பெண்கள் தங்களுக்குள் புழங்குகிற ஒரு சின்னச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. வீட்டில் மூன்று தமிழ் அகராதிகள் இருந்தன. எதையும் திறந்து பார்த்ததில்லை. சந்தேகம் வந்தவன்தானே அகராதியைத் திறப்பான்? எனக்கு அந்தச் சொல்லில் சந்தேகமே வரவில்லை. அதனால் ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு பகல் முழுக்க என் சட்டைப் பையில் கிடந்தது.

முட்டி தேய்ந்துபோய் ஐம்பத்தைந்து வயதிலேயே வேலையிலிருந்து விலகி, இப்போது தேனியில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பழைய தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் அங்கே லெட்டூஸ் கீரைக்கு மண்ணே கிடையாதாம். வெள்ளைக் குழாய்களில் வரிசையாகத் துளை, தண்ணீரிலேயே வளர்கிறது. துளைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதைக் குழாய் செய்த கம்பெனியே தீர்மானித்து அனுப்பிவிடுகிறது. “இடைவெளியப் பத்தி நாங்க யோசிக்கிறதே இல்ல சார். நீங்கள்லாம் எப்படிச் சமாளிச்சீக? எங்க குரூப்புல போட ஒரு பக்கம் எழுதித் தாங்க” என்றார்கள். சமாளித்த கதை என்னிடம் அதிகம் இல்லை. பயந்த கதை இருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. பஜாரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவரின் மகன். மண் என்பது மழை நாளில் செருப்பில் ஒட்டும் பொருள் என்று நினைத்து வளர்ந்தேன். டிப்ளமோவுக்குப் பிறகு விதைக்கடையில் சில வருடம், பிறகு நாற்றுப்பண்ணையில் சில வருடம். நாற்றுப்பண்ணையில் இடைவெளிப் பிரச்சினையே இல்லை. பிளாஸ்டிக் தட்டில் ஒரு குழிக்கு ஒரு விதை. நான் நிபுணன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

அந்த நம்பிக்கையோடுதான் ஓடைப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த லெட்டூஸ் தோட்டத்தில் சேர்ந்தேன். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். நடுவில் ஆறு நிழல்வலைக் குடில்கள். பெயர்ப்பலகையில்தான் குடில், பேச்சில் எல்லோருக்கும் அது செட்டு. ஐப்பசியில் தொடங்கி, மேகமலையிலிருந்து குளிர் இறங்கும் மாதங்களில் மட்டும் லெட்டூஸ். அறுத்து, பெட்டியில் அடுக்கி, விடியும் முன் குமுளி வழியாகக் கொச்சி ஓட்டல்களுக்குப் போய்விடும். இந்தக் கீரை யார் தட்டில் விழுகிறது என்று நடவுக்காரப் பெண்களுக்கு ஒரு விசாரம் உண்டு. “தாளிக்காம, உப்புப் போடாம, பச்சையாத் திம்பாகளாம். பாவம், ஆசுபத்திரிக்காரக போல” என்பார் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாள் நடவுக் குழுவின் தலைவி. அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் பேச்சியக்கா என்பேன், அவர் சார் என்பார். பேச்சியக்கா நட்ட நாற்று சாய்ந்து நான் பார்த்ததில்லை. லெட்டூஸின் கழுத்து மண்ணுக்குள் போனால் அழுகும், ரொம்ப வெளியே நின்றால் காற்றில் ஆடும். அந்த அரை விரற்கடைக் கணக்கு அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குக் கேட்கவும் தெரியாது.

இடைவெளி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பயந்ததன் நியாயம் புரியாது. எங்கள் ரகத்துக்குச் செடிக்குச் செடி ஓரடி, வரிசைக்கு வரிசை ஓரடி. பக்கத்து வரிசைச் செடி இரண்டுக்கும் நடுவில் வருகிற மாதிரி மாற்றி மாற்றி. அந்த ஓரடியில் செடி தன் கையைக் காலை நீட்டிப் படுக்கும். இலை விரியும், தலை எனப்படும் இலைக்கொத்து கனக்கும், அடியில் காற்று ஓடும். அரையடியாகக் குறைத்தால் செடிகளின் எண்ணிக்கை எகிறும். மொத்தமாக அறுத்துத் தராசில் போட்டால் எடைகூட அதிகமாகவே காட்டும். ஆனால் வாங்குகிறவர் தராசைப் பார்ப்பதில்லை, தலையைப் பார்க்கிறார். பெட்டிக்குப் பன்னிரண்டு தலை, பெட்டி நிரம்ப வேண்டும். நெருக்கத்தில் வளர்ந்த செடி, பஸ்ஸில் நிற்கிற ஆள் மாதிரி ஒடுங்கி மேலே மேலே போகும். அடி இலை வெளுக்கும். சிவப்பு ரகத்துக்கு வெளிச்சம் படாவிட்டால் சிவப்பே ஏறாது. ஈரம் உள்ளேயே நின்றால் அடி அழுகும். அழுகுவது வெளியே தெரியாது. கடைசி வரை தெரியாது.

வழக்கமாக இதில் தப்பு நடக்க வழியில்லை. பாத்தியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துவோம். கயிறு பிடித்து அடிக்கு ஒரு புள்ளி வைப்போம். தகர டப்பாவில் சிரட்டைக் கரி போட்டுச் சூடேற்றி, புள்ளி மேல் ஒரு ஒற்று. வட்டமாக ஓட்டை விழும். ஓட்டை இருக்கிற இடத்தில் நாற்று. எவ்வளவு தள்ளி என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சொல் மூன்று வருடமாக என் காதில் விழாமல் இருந்தது.

இனி எஸ்தர் மேடம்.

எங்கள் மேலாளர். போடி பஜாரில் மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பம். சத்தம் போட மாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் என் ரத்த அழுத்தம் இன்று இவ்வளவு இருக்காது. காலை ஆறு மணிக்குக் கையில் ஒரு எஃகு ஸ்கேலோடு செட்டுக்குள் நுழைவார். ஏதாவது ஒரு செடியைப் பிடுங்குவார். எந்தச் செடி என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன். தலைகீழாகத் திருப்பி, அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்துவார். மூக்கருகே கொண்டுபோவார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சரியில்லாவிட்டால் மூன்றே சொல்: “சார், எழுதிக் குடுங்க.”

என்ன நடந்தது, யாரால் நடந்தது, இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் சிவப்பையும் பச்சையையும் ஒரே பாத்தியில் கலந்து நடவிட்டுவிட்டார். பெட்டிகள் கொச்சியிலிருந்து திரும்பி வந்தன. அவர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். மறுவாரம் அவரை முதலாளியின் ஏலத்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேலே, மேகமலையில், போன் எடுக்காத இடத்தில். அவர் அங்கே சந்தோஷமாக இருந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அப்போது அது தெரியாது. நான் வேலையில் சேர்ந்த அன்று மேடம் சொன்ன ஒரே அறிவுரை: “ரகம் கலக்கக் கூடாது சார்.” ராத்திரி தூக்கத்தில்கூட நான் ரகம் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வருடம் கார்த்திகையில் மூன்றாம் செட்டுக்கு நடவு. அன்று பார்த்து பிளாஸ்டிக் விரிப்பு வந்து சேரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, வெறும் மண்ணிலேயே நட்டுவிடலாம் என்று முடிவு. நானும் மேடமும் முதலாளியைப் பார்க்க ஜீப்பில் உத்தமபாளையம் போய்க்கொண்டிருந்தோம். நான் பின் இருக்கையில், முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு. மேடம் முன்னால். போன் அடித்தது. பேச்சியக்கா.

“சார், மூணாம் செட்டுல நிக்கிறோம். கண்ணு கலக்க நடவா?”

கண்ணு என்றால் நாற்று. அதுவரை எனக்குத் தெரியும். கலக்க என்றதும் கொச்சியிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள்தான் கண்ணில் வந்தன. சிவப்பையும் பச்சையையும் கலக்கலாமா என்று கேட்கிறார்! அதுவும் மேடம் ஒரு முழத்தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது!

“கலக்கக் கூடாது!” என்றேன்.

“கேக்கல சார், காத்து அடிக்கிது.”

“கலக்கக் கூடாதுக்கா! ஒன்னுகூடக் கலக்கக் கூடாது!”

“நெசமாத்தான் சொல்றீகளா? எப்பயும் கலக்கத்தான சார்…”

எப்பயும் கலக்கத்தானா! மேடத்தின் பின்னங்கழுத்தைப் பார்த்தபடி, செட்டு முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: “எப்பயும் நடந்தது எனக்குத் தெரியாது. இன்னைக்குக் கலந்துச்சு, உங்களத்தான் கேப்பேன்!”

“சரி சார். நீங்க சொன்னாச் சரி.”

போனை வைத்தேன். மேடம் திரும்பாமலே ஒருமுறை தலையசைத்தார். நாலு வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. உத்தமபாளையம் போய்ச் சேரும்வரை அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

மறுநாள் மூன்றாம் செட்டுக்குப் போனேன். செடிகள் சாண்கூட இல்லாத தூரத்தில், தோளோடு தோள் நின்றன. பார்த்ததும் புரியவில்லை. பிறகு எனக்கு நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்: மேடம் சொல்லியிருப்பார். சின்னத் தலை லெட்டூஸ் யாரோ கேட்டிருப்பார்கள், பேச்சியக்காவிடம் நேரடியாகச் சொல்லியிருப்பார். மேடத்திடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், ‘உங்களுக்குத் தெரியாதா சார்?’ என்பார். தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். பேச்சியக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மேற்பார்வையாளருக்கு விஷயமே சொல்லவில்லை என்பது பன்னிரண்டு பேருக்குத் தெரிந்துபோகும். ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். மேடம் அன்று வேறு செட்டில் செடி பிடுங்கிப் பார்த்துவிட்டு, மாலையே வாங்குகிறவர்களைப் பார்க்கக் கொச்சி போனார். அங்கிருந்து போடியில் ஒரு கல்யாணம். அவர் திரும்ப மூன்று வாரம் ஆகிவிட்டது.

முதல் இரண்டு வாரம் மூன்றாம் செட்டு அவ்வளவு அழகு! மற்ற செட்டுகளில் செடி, மண், செடி, மண் என்று வழுக்கை தெரியும். இங்கே ஒரே பச்சைக் கம்பளம். நான் போட்டோ எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

மூன்றாவது வாரம் நாலு நாள் விடாமல் சாரல். ஐந்தாம் நாள் காலை பாத்திக்குள் கையை விட்டேன். வெளியே குளிர், உள்ளே ஈரத்துணி மூட்டைக்குள் கை விட்டது போல வெதுவெதுப்பு. சிவப்பு ரகம் சிவக்கவே இல்லை. சாயம்போன துணி மாதிரி நின்றது. ஒரு செடியைப் பிடுங்கினேன். மேலே நல்ல பச்சை. தலைகீழாகத் திருப்பி, மேடம் போலவே கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. கையை மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செடியைச் சட்டைக்குள் ஒளித்து வெளியே கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தேன். ஒரு செடியை ஒளித்தால் செட்டே சரியாகிவிடும் என்று என் மூளையின் ஏதோ ஒரு பகுதி உண்மையாகவே நம்பியது. மறுநாள் மேடம் வந்தார்.

எட்டடி நடந்தார், நின்றார். ஸ்கேலை இரண்டு செடிகளின் நடுத்தண்டுகளுக்கு இடையே வைத்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். இன்னோர் இடத்தில். ஒவ்வொரு முறையும் ஸ்கேல் மண்ணில் படும் சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. ஒரு செடியைப் பிடுங்கி, அழுத்தி, முகர்ந்து, கைக்குட்டையில் விரல் துடைத்தார். இந்தத் தடவை துடைத்து முடிக்க நேரமாயிற்று.

“யார் நட்டது?”

பேச்சியக்கா முன்னால் வந்தார். “நாங்கதான்மா.”

“யார் சொல்லி இவ்வளவு நெருக்கமா நட்டீங்க?”

பேச்சியக்கா என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சொல்லவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“நான் சொல்லல மேடம்” என்றேன். சத்தியமாக அப்போது அது எனக்கு உண்மை.

பேச்சியக்கா தரையைப் பார்த்தார்.

“திங்கக்கிழமையிலேருந்து வேற குழுவைப் பாருங்க” என்றார் மேடம். “சார், சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க.”

மேடம் போன பிறகு வரப்பில் பேச்சியக்காவை மடக்கினேன். கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். “என்னக்கா இது? இம்புட்டு வருசமா நடுறீக. எதுக்கு இப்படி நெருக்கி வச்சீக?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “சார், நீங்கதான கலக்கக் கூடாதுன்னீக?”

“ஆமா. கலக்கலையே? சிவப்புத் தனியா, பச்சை தனியா, சரியாத்தான இருக்கு.”

“செவப்பா? செவப்ப யாரு கேட்டா? கலக்க நடவான்னுதான கேட்டோம். கூடாதுன்னீக, நெருக்கி நட்டோம்.”

“கலக்கன்னா?”

“கலக்கன்னா கலக்கத்தான் சார். எட்ட எட்ட. விட்டு விட்டு.” இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கைகள் மெல்லக் கீழே இறங்கின. “நீங்க என்னான்னு நெனச்சீக?”

“சேத்துக் குழப்புறதுன்னு.”

“ஆத்தாடி” என்றார், மிக மெதுவாக.

“மேடத்துட்ட ஏன்க்கா சொல்லல?”

“நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்.” சேலைத் தலைப்பால் கையிலிருந்த மண்ணைத் துடைத்தார். “வேல போனாப் போகட்டும் சார், திராட்சைத் தோட்டத்துல கவாத்து வெட்டப் போயிருவேன். ஆனா நடவக் கெடுத்த கைன்னு பேராயிப்போச்சுன்னா, இங்கன சின்னமனூரு வரைக்கும் நடவுக்குன்னு ஒருத்தரும் கூப்புட மாட்டாக. எனக்கு மட்டுமில்ல, எங்கூட வர்ற பதினோரு பேருக்கும்.”

சொல்லிவிட்டு வரப்போடு போய்விட்டார். அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோ எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் உரக்கிடங்கில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தாள்: “மூன்றாம் செட்டில் நாற்றுகள் நெருக்கமாக நடப்பட்டுவிட்டன.” யார் நட்டார், யார் சொன்னார் என்ற தொந்தரவே இல்லாத வாக்கியம். நம் மொழியில் கோழைக்குக் கிடைத்த இடங்களிலேயே வசதியானது இந்தச் செயப்பாட்டுவினைதான். எழுதி முடித்ததும் மேடத்தின் குரல் கேட்டது: ‘யாரால்?’ கிழித்தேன். இரண்டாவது தாள்: “தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட இடைவெளி காரணமாக.” மூன்றாம் செட்டில் இருந்த ஒரே இடைவெளி அதுதான். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது தாளில் பேச்சியக்காவின் பெயரையே எழுதிவிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. “நடவுக் குழுத் தலைவி தவறாகப் புரிந்துகொண்டதால்” என்று எழுதினேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. முந்தைய இரண்டு தாளிலும் கை நடுங்கியிருந்தது. இதில் நடுங்கவில்லை. கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. அதைப் படித்தபோது, மேடத்திடம் நான் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை, இந்தக் கையெழுத்துக்காரனிடம்தான் பயப்பட வேண்டும் என்று பட்டது.

நான்காவது தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். போனில் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாதது, மறுநாள் பார்த்தும் கேட்காமல் விட்டது, ஒரு செடியை வாய்க்காலில் எறிந்தது, எல்லாம். கை திரும்பவும் நடுங்கியது. கோணல்மாணலாக வந்தது. மூன்றரை மணிக்குக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

மேடம் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அவருடைய மேசைமேல் மின்விசிறி இல்லாமலே தாள் ஆடுகிற மாதிரி இருந்தது. என் தலைதான் ஆடியிருக்கிறது.

“இந்தப் போன் ஜீப்புல வந்ததா?”

“ஆமா மேடம்.”

“நான் முன்னாடி உக்காந்திருந்தேன்.”

“ஆமா மேடம்.”

“தலையாட்டினேன்.”

இதற்கு ஆமா மேடம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பேனாவைத் திறந்து, என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: ‘இந்த உரையாடலின்போது உடனிருந்தேன். எனக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை.’ கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு அனுப்ப வேண்டிய கோப்பில் தாளைச் செருகிவிட்டு, “நாளைக்குக் காலையில அதே குழுவை மூணாம் செட்டுக்கு வரச் சொல்லுங்க. ஒன்னு விட்டு ஒன்னு பிடுங்கணும். கலக்க” என்றார். அந்தக் கடைசிச் சொல்லைப் புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பவர் போல ஜாக்கிரதையாக உச்சரித்தார்.

பேச்சியக்கா குழு மறுநாள் பாதிச் செட்டைக் கலைத்தது. அழுகியதை எடுத்து, நல்லதில் ஒன்று விட்டு ஒன்று பிடுங்கி, காற்றுக்கு வழிவிட்டார்கள். மிஞ்சியவை தாமதமாக விரிந்தன. சில பெட்டிகள் தேறின. மறுபாதி கைமீறிப் போயிருந்தது, தொடவில்லை. அதையும் அறுத்து, அழுகியதைக் கழித்துத் தராசில் போடச் சொன்னார் மேடம். எடை, மற்ற செட்டுகளில் அதே நீளப் பாத்தி தந்ததைவிட அதிகமாகவே இருந்தது. ஆனால் ஒரு தலைகூடப் பெட்டிக்கு ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாடுகள் இரண்டு நாள் சாலட் சாப்பிட்டன.

எடை போட்ட அன்று மாலை, பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேச்சியக்காவோடு வாசல் கேட் வரை நடந்தேன். அந்த நான்காவது தாளைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு. நாமே எடுத்துக்கொடுத்தால் என்ன என்று, “நானே எழுதிக் குடுத்துட்டேன்க்கா, எல்லாம் எந் தப்புன்னு” என்றேன்.

“தெரியும் சார். நல்ல காரியம்” என்றார். நடந்துகொண்டே சொன்னார்: “அன்னைக்குக் காத்துல கேக்கலேன்னு போன ஸ்பீக்கர்ல போட்டுல்ல பேசுனோம். பன்னெண்டு பேரும் கேட்டாளுக. மேடம் வேற குழுவப் பாக்கச் சொன்னாகல்ல, அப்பயே அவுகட்டப் போயிச் சொல்லுவோம்னு நின்னாளுக. நாந்தான், நாலு மணி வரைக்கும் சாருக்கு டைம் குடுப்போம்டி, அதுக்கு மேல நம்ம பஸ்சு போயிரும்னு உக்கார வச்சேன்.”